மிச்சமிருந்த கட்டம்

எதிரில் மூன்று மாடிக் கடை திறந்த நாளிலிருந்து மெத்தைக்காரருக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. உண்மையைச் சொன்னால் ஈயும் இல்லை. அதுவும் குளுகுளுவென்றிருந்த எதிர்க்கடைக்கே போய்விட்டது போலும். மனிதர் காலையில் ஷட்டரைத் தூக்குவார், பிளாஸ்டிக் உறைக்குள் கூரைவரை அடுக்கியிருந்த மெத்தைகளைத் தூசு தட்டுவார், கயிற்றில் கொத்தாகத் தொங்கும் தலையணைகளை இடம் மாற்றி மாட்டுவார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கடைக்குள் போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மூலையில் தையல் மெஷினில் உறை தைத்துக்கொண்டிருக்கும் மனைவி, "இப்படி ஊதினா பஞ்செல்லாம் பறந்துடும்" என்பாள்.

கடைக்கு மேலேயே வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி. காலையில் பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, அப்பாவின் மடியில் ஏறி, ராத்திரி கண்ட கனவைச் சொல்லும். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு. கனவும் ஒரே கனவுதான். ஒரு பூனை சட்டை போட்டுக்கொண்டு வரும். பொத்தான் மாட்டிவிடச் சொல்லும். எத்தனை தடவை மாட்டினாலும் கடைசியில் ஒரு பொத்தான் மிச்சம் நிற்கும். "நேத்தும் தப்பாத்தான்பா போட்டேன், பூனைக்குக் கோவம் வந்துடுச்சு" என்று பாப்பா சொல்லும்போது மெத்தைக்காரருக்குக் கடை வாடிக்கிடப்பதெல்லாம் மறந்துபோகும்.

மச்சானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் தம்பி, தனிக்கட்டை, தெருக்கோடியில் வாடகை அறை. தூக்கத்துக்கென்றே பிறந்தவன். கடைக்கு உதவி செய்ய வருவான். "மெத்தைய டெஸ்ட் பண்றேன் அத்தான்" என்று மேலே ஏறிப் படுத்தால் சாயங்காலம்தான் இறங்குவான். அவனுக்கும் ஒரு கனவு உண்டு. துடுப்பில்லாத படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு போவானாம். அடியில் தண்ணீர் சளப் சளப் என்று தட்டுமாம். "அங்க என்னை எவனும் எழுப்ப மாட்டான் அத்தான். அது என்னோட சொந்தப் படகு" என்று சொத்து வைத்திருப்பவன் மாதிரி சொல்வான்.

அந்த மச்சான்தான் ஒருநாள் தள்ளுவண்டியில் ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து இறக்கினான். ஆளுயரம். விளிம்பெல்லாம் பித்தளை ஆணி. மேலே ஒரு தோல்நாக்கு. சுற்றிவிட்டால் டக் டக் டக்கென்று ஆணிகளில் இடறி, மெதுவாகி, ஏதாவது ஒரு கட்டத்தில் நிற்கும்.

"கடைய மூடிட்டுப் போற துணிக்கடைக்காரர் சும்மாவே குடுத்துட்டாரு அத்தான். ஜனங்களுக்குச் சாமான் வாங்கறதவிட பரிசு வாங்கறதுதான் பிடிக்கும். மெத்தை வாங்கினா ஒரு சுத்து, தலையணை வாங்கினா ஒரு சுத்து. பாருங்க, எதிர்க்கடைல இருக்கற ஈயெல்லாம் இங்க வரும்."

"சும்மாவா? அந்த ஆளு எதையும் சும்மா குடுக்க மாட்டானே."

"ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. கடைல என்ன இருக்கோ அத மட்டும் எழுதணுமாம். எழுதினத இது குடுக்காம விடாதாம். பாவம், வியாபாரம் படுத்ததுல மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு."

மெத்தைக்காரர் பழைய எழுத்துகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். தலையணை, தலையணை உறை, கால்மிதி, தள்ளுபடி, இடையிடையே 'அடுத்த முறை பார்க்கலாம்'. எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு கட்டம் மிச்சம் நின்றது.

"வெறுமனே விட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்கும். ஏதாவது எழுதுங்க" என்றாள் மனைவி.

"எழுதினா குடுக்கணுமே."

"செலவில்லாததா எழுதுங்களேன்."

அவர் தூரிகையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு 'நல்ல தூக்கம்' என்று எழுதினார். மச்சான் கைதட்டிவிட்டான். "அத்தான், நீங்ககூட ஜோக்கடிப்பீங்களா!"

அத்தோடு விட்டாரா? இல்லை. எதிர்க்கடை விளம்பரத்தில் அடியில் பொடியெழுத்தில் நிபந்தனை இருக்கிறது, அப்படி இருந்தால்தான் கடைக்கு மதிப்பு என்று மச்சான் ஏற்றிவிட்டான். அவரும் நாக்கைத் துருத்திக்கொண்டு சக்கரத்தைத் தாங்கிய காலில் அழகாக எழுதினார்: 'கடை உரிமையாளரும் அவர் வீட்டில் வசிப்போரும் கலந்துகொள்ள இயலாது.' எழுதிவிட்டு எட்ட நின்று பார்த்தபோது அவருக்கே தான் பெரிய முதலாளி ஆகிவிட்டதுபோல் இருந்தது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சக்கரச் சத்தம் கேட்டாலே குழந்தைகள் பெற்றவர்களை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடிவந்தன. வீட்டில் தலையணை இருக்கிறவர்களும் இன்னொன்று வாங்கினார்கள். தள்ளுபடி விழுந்தவன், அதை வீணாக்க மனமில்லாமல், வேண்டாத மெத்தையையும் தூக்கிக்கொண்டு போனான். மெத்தைக்காரரின் மனைவிக்கு மெஷினைவிட்டு எழுந்திருக்க நேரமில்லை.

'நல்ல தூக்கம்' கட்டத்தில் மட்டும் சக்கரம் லேசில் நிற்காது. முதலில் அது விழுந்தது ஒரு டீச்சரம்மாவுக்கு. ஏமாந்த முகத்தோடு நின்றவரிடம் மெத்தைக்காரர் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, "டீச்சரம்மா, இன்னிக்கு ராத்திரியே உங்க வீட்டுல டெலிவரி" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மெத்தைக்காரர் கண்ணை மூடவில்லை. முதலில் சந்தோஷத்தில் வரவில்லை என்று நினைத்தார். பிறகு டீயைக் குறைத்தார், காலுக்கு எண்ணெய் தேய்த்தார், கடையிலேயே உசத்தியான மெத்தையை மேலே தூக்கிப்போட்டுப் படுத்தார். தூக்கம் வராவிட்டாலும் அசதியாவது வரும் அல்லவா? அதுவும் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த இடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

டீச்சரம்மா திரும்பி வந்தார். முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது.

"உங்க மெத்தைல என்னதான் வச்சிருக்கீங்க? படுத்ததுதான் தெரியும். கனவுகூட எவ்வளவு நல்லாயிருக்கு! யாரோ ஒருத்தர் சைக்கிளைக் கவுத்துப்போட்டு செயின் மாட்டறாரு. கையெல்லாம் கறுப்பு மசி. 'டேய் குண்டா, பெடலச் சுத்துடா'ங்கறாரு. நான் ஆம்பளையும் இல்ல, குண்டும் இல்ல. ஆனா சுத்தறேன், அவ்வளவு சந்தோஷமா சுத்தறேன்."

மெத்தைக்காரர் கையிலிருந்த தலையணையைக் கீழே விட்டுவிட்டார். அவரைக் குண்டா என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய அப்பா. அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிறது. தனக்கு வழக்கமாக வரும் அந்தச் சைக்கிள் கனவில் மட்டும்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அங்கேயும் பார்க்க முடியாது என்பது நெஞ்சில் உறைத்தபோது, வாடிக்கையாளர் முன்னால் அழக்கூடாதே என்று மெத்தைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இங்கேதான் எனக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அன்றைக்கே அந்தச் சக்கரத்தைக் கழற்றி விறகுக்குப் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. "ஏதோ தற்செயல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசலில் கூட்டம் நின்றது. அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது ஒரு நர்ஸம்மாவுக்கு விழுந்தது. அதற்கப்புறம் மெத்தைக்காரரின் மனைவியும் விழித்துக்கொண்டே கிடந்தாள். தைக்கும்போது ஊசி விரலில் ஏறியது. அதைக்கூட வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அந்தக் கட்டத்த அழிச்சிடலாமா?" என்று ஒருமுறை கேட்டாள். "சும்மா இரு. ஓடற குதிரைய ஏன் நிறுத்தணும்? கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் இவர். அவளும் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். அவளும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவள்தானே.

அப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவு மாதிரி உடம்பு, மேல்நோக்கி முறுக்கிய மீசை. ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுண்டிவிட்டார். டக் டக்கென்று சுற்றியது, தயங்கியது, மிச்சமிருந்த கட்டத்தில் போய் உட்கார்ந்தது. படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியது.

மறுநாள் காலையில் பாப்பா கனவு சொல்ல வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால், கட்டிலில் நேராகப் படுத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. "என்னம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்றது, பெரிய மனுஷி மாதிரி.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார். ஜுரம் இல்லை, சளி இல்லை. கொடுத்த மருந்து எதுவும் குழந்தையை ஒரு நிமிஷம்கூடத் தூங்கவைக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. விளையாட்டு நின்றது, பிறகு பேச்சு நின்றது. தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தால் தலை சாயாது. முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்கள் திறந்தேயிருப்பது தட்டுகிறவருக்குத் தெரியும். டாக்டர் கடைசியில் மெத்தைக்காரரைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே போனா உடம்பு தாங்காதுங்க. சின்ன உசுரு" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் திரும்பி வந்தார். நன்றி சொல்ல வந்தாராம். கூச்சத்தோடு நெளிந்தார்.

"வெளிய சொன்னா சிரிப்பாங்க. ஒரு கனவு வருதுங்க. ஒரு பூனை... சட்டை போட்டுக்கிட்டு வருது. பொத்தான் மாட்டிவிடுங்குது. நானும் மாட்டறேன்." தடித்த விரல்களைக் குவித்து, காற்றில் இல்லாத ஒரு சின்னச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக் காட்டினார். "எத்தனை வாட்டி போட்டாலும் கடைசில ஒண்ணு மிச்சம் நிக்குதுங்க."

தையல் மெஷின் நின்றது. மெத்தைக்காரரின் மனைவி எழுந்து வந்து டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அது எம்பொண்ணோடது. குடுத்துடுங்க. ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதைத் திருப்பிக் குடுத்துடுங்க!"

"என்னதும்மா? எதைக் குடுக்கறது? மெத்தை வேணும்னா திருப்பித் தரேன்..." மலை மாதிரி இருந்த மனிதர் பின்னாலேயே நடந்து, வாசற்படியில் தடுக்கி, ஓடியே போய்விட்டார்.

அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெத்தைக்காரர் பாப்பாவைத் தூக்கிவந்து, அதன் கையைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். 'அடுத்த முறை பார்க்கலாம்.' மறுபடி சுற்றினார். 'அடுத்த முறை பார்க்கலாம்.' வியர்க்க வியர்க்கச் சுற்றினார். அந்தக் கட்டத்தை நெருங்கும்போதெல்லாம் சக்கரம் ஒரு துளி நகர்ந்துபோய் நின்றது. வேண்டுமென்றே நகர்வதுபோல் இருந்தது. தரையில் உட்கார்ந்தபோதுதான், கண்ணுக்கு நேராகத் தன் கையெழுத்தைப் பார்த்தார். கடை உரிமையாளரும் அவர் வீட்டில் வசிப்போரும்.

பெயிண்ட் தின்னர் ஊற்றித் துடைத்தார். எழுத்து அழிந்தது. சக்கரம் மறக்கவில்லை. அழித்த பிறகும் 'அடுத்த முறை'தான். எழுதினதை இது விடாது என்று துணிக்கடைக்காரர் சொன்னது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கொடுப்பதற்குக் கடையில் எதை வைத்திருந்தார்? மாடியில் படுத்திருந்தவர்களின் தூக்கத்தைத்தானே.

அவரும் மனைவியும் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"கடை நம்மளோடதா இல்லாம இருந்தா, நாம கஸ்டமர்."

அவள் ஓர் உறையை எடுத்து மடித்தாள்.

"வேற ஒருத்தர் பேருக்கு மாத்தி, அவர் மாடில வந்து குடியிருந்தா..."

அவள் மடித்துவைத்த உறையை உதறி மறுபடி மடித்தாள். மறுபடி உதறினாள். பிறகு நிமிராமலே, "என் தம்பிக்குத் தூக்கம் ஜாஸ்திதான்" என்றாள்.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "அத்தான், நெசமாவா? இவ்வளவு ஓடற கடைய எனக்கா? பாப்பாவுக்கு உடம்பு சரியாகட்டும், அப்புறம் நீங்களே எடுத்துக்கலாம்" என்று கண்கலங்கிக் காலில் விழப்போனான். மெத்தைக்காரர் அவனிடம் உண்மையைச் சொன்னார். சொல்லாமல் இல்லை. ஆனால் சொன்ன விதத்தைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டு முடித்து வெளியே வரும்போது, தோளில் கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே, "அந்தச் சக்கரம் ஆளோட தூக்கத்தப் பிடுங்கிக்கும் மச்சான், பாத்துக்கோ" என்றார்.

"பிடுங்கட்டும் அத்தான்! எங்கிட்ட இருக்கறத இந்தத் தெருவுக்கே பங்கு போடலாம்."

சொல்லியாகிவிட்டது என்று மெத்தைக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

இவர்கள் அடுத்த தெருவில் வாடகைக்குப் போனார்கள். மச்சான் தன் பாயையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். அங்கே முதல் ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். மறுநாள் மத்தியானம் மெத்தைக்காரரும் மனைவியும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, வாடிக்கையாளர்களாகக் கடைக்குள் நுழைந்தார்கள். ஒரு சின்னத் தலையணை வாங்கினார்கள்.

"சொந்தக்காரங்களுக்குக் கிடையாதுன்னு யாராவது சொன்னா உதைப்பேன். சுத்துடா செல்லம்!" என்று மச்சான் பரிசு விழுந்தால் அடிக்கிற மணியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

பாப்பாவின் விரல்களுக்குச் சக்கரத்தைத் தள்ளப் பலமில்லை. சும்மா தொட்டது. அதுவாகவே சுற்றியது. டக் டக் டக். தலையணையைத் தாண்டியது, கால்மிதியைத் தாண்டியது. கட்டத்தின் விளிம்பில் தோல்நாக்கு ஓர் ஆணியின்மேல் வளைந்து நின்றது. மெத்தைக்காரர் மச்சானைப் பார்த்தார். அவன் வாயைப் பிளந்துகொண்டு, பாப்பாவுக்காக, தன் மருமகளுக்காக, "விழு, விழு" என்று சக்கரத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். இப்போதுகூட நிறுத்தலாம். ஒரு கையை நீட்டினால் போதும். அவர் நீட்டவில்லை. நாக்கு விழுந்தது.

மச்சான் மணியை அடித்துத் தீர்த்தான். "நல்ல தூக்கம்! எங்க பாப்பாவுக்கு நல்ல தூக்கம்!"

பாப்பா கொட்டாவி விட்டது. அப்படியே அம்மாவின் தோளில் தலை சாய்ந்தது. இமை மூடியது. அவர் மனைவி கடை வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மெத்தைக்காரர் தலையணையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிப்போனார். மச்சானிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்று முழுக்கவும் பாப்பா தூங்கியது. பக்கத்தில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்து, அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்குத் தூக்கம் வராதது பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை.

விடிந்ததும் மச்சான் வந்து கதவைத் தட்டினான். சட்டையைத் தப்பாக மாட்டியிருந்தான். கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"பாப்பா தூங்கறாளா? அப்பாடா!" என்று எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத்தான்கா என்னமோ... நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. பிறந்ததுலேருந்து இப்படி இருந்ததே இல்ல. முந்தாநேத்து நல்லாத்தான் தூங்கினேன்" என்றான்.

மெத்தைக்காரர் சுவரைப் பார்த்தார். மனைவி தம்பிக்கு டீயை ஆற்றிக் கொடுத்தாள். தப்பாக மாட்டியிருந்த பொத்தான்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டிவிட்டாள்.

"புது இடம்ல," என்றாள், "அப்படித்தான் இருக்கும்."

அவன் அதை நம்பினான். கடை திறக்க நேரமாயிற்று என்று போய்விட்டான்.

வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு பாப்பா கண்விழித்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. எத்தனை காலத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு! மெத்தைக்காரர் அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்.

"கனவு வந்துச்சாடா கண்ணு? பூனை வந்துச்சா?"

"பூனை வரலப்பா. படகு வந்துச்சு. நான் படுத்துக்கிட்டே போனேன். கீழ தண்ணி சளப் சளப்னு..." பாப்பா யோசித்தது. "கரையில மாமா நின்னாங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"கூடவே ஓடிவந்தாங்க. அது என்னோட படகு, எறக்கிவிடு, எனக்குத் தூக்கம் வருதுன்னு அழுதாங்கப்பா. மாமா பாவம். இன்னிக்குக் கனவு வந்தா எறங்கிக்கட்டுமா?"

மெத்தைக்காரர் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"வேணாம்டா கண்ணு," என்றார். "மாமா எவ்வளவு அழுதாலும் நீ எறங்காத."